அறிவியல் தமிழ் வரலாறும் திறக்கப்படாத ஆவணங்களும்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்வழிப் பயிற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீனைக் (1822-1884) குறிப்பிடாத அறிவியல் தமிழ் ஆய்வேடு அரிது. ஆயின், அவரைப் பற்றிய பகுதி ஏட்டுக்கு ஏடு மாறுவதில்லை. இரணவைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875), மனுஷ சுகரணம் (1883) என நூற்பெயரும் ஆண்டும் நிரலாக வரும். அதன்பின் அவரது தமிழ்ப்பற்றுக்கு ஒரு பாராட்டு வரும். ஒருவர் பட்டியலை மற்றொருவர் எடுத்தாள்கின்றனர். எடுத்தாண்டவர் நூலைக் கண்ணால் கண்டாரா என்பது ஐயத்திற்குரியது.

கண்டிருப்பின் சில கேள்விகளேனும் எழுந்திருக்கும். கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்கா திரும்பினார். அவ்வாறாயின் 1875, 1883 ஆம் ஆண்டு நூல்கள் எவ்வாறு உருவாயின? மொழிபெயர்ப்பில் அவர்தம் மாணவர்களுக்குரிய பங்கு எத்துணை? மேலும், அவரைத் தனித்தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு முன்னோடியாகக் காட்டுவோர் ‘கெமிஸ்தம்’ என்னும் தலைப்பையே நோக்கவில்லை போலும். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்த ஆக்கம் அது. ‘சுகரணம்’ வடமொழிச் சாயலுடையது. அவர் எக்கொள்கையின்படி எச்சொல்லைத் தெரிந்தார் என்பதை நூல்களையும் அவர் தொகுத்த மருத்துவச் சொற்றொகுதிகளையும் அருகருகே வைத்தன்றி உரைத்தல் இயலாது.

‘தமிழ்ப்பற்று’ என்னும் விளக்கமும் மறுஆய்வுக்குரியது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்து தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்தினார். அவ்வாண்டே ஆங்கிலவழிப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. கிறீன் தமிழில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியது 1864இல். எனவே தனிமனித ஆர்வம் எவ்வளவு, சங்கத்தின் கொள்கை எவ்வளவு எனப் பகுத்தறிய வேண்டியுள்ளது. அதற்குரிய சான்று கடிதங்களே. எபனேசர் கட்லர் தொகுத்து 1891இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு பல கடிதங்களைத் தருகிறது. எனினும் அது குடும்ப நண்பர்களுக்கென அச்சிடப்பட்ட தொகுப்பு. தொகுப்பாளர் விடுத்தவற்றை மூலத்திலேதான் காணவியலும்.

மூலம் எட்டாத் தொலைவில் உள்ளது என்பர். சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவற்றிற்கு நுண்படச் சுருள்களும் உண்டு. தொலைவைவிடத் தேடுமுறை அறியாமையே பெருந்தடை. இத்தகைய ஆவணங்கள் பாடப்பொருள் வாரியாக அடுக்கப்படுவன அல்ல. மிஷன் களம், காலம் என்ற முறையில் அடுக்கப்படுவன. ‘தமிழ்’, ‘மருத்துவம்’ என்று தேடுவோர் வெறுங்கையுடன் மீள்வர். ‘இலங்கை மிஷன்’ என்று தேடுவோர் பெறுவர். அச்சு நூல்களின் நிலையும் இதுவே. ஈழத்தார் ‘கிறீன்’ என்று எழுத, தமிழகத்தார் ‘கிரீன்’ என்கின்றனர். ஒரு ரகர வேறுபாட்டால் நூலே இல்லை என முடிவுகட்டியோரும் இருக்கக்கூடும். அவர் நூல்களுட் சில நாகர்கோயிலில் அச்சேறியமையால், யாழ்ப்பாணப் பதிப்புகளை மட்டும் தேடுதல் போதாது. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் மின்னூலகமும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தேடலைத் தொடங்கத்தக்க இடங்கள்.

1981இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை நினைந்து வருந்துவோர், எரியாது எஞ்சியவற்றை நாடாதிருப்பது விந்தை.

கண்டெடுத்ததை மீண்டும் பயன்கொள்வதிலும் ஒழுங்கு வேண்டும். எப்பதிப்பு, எந்நூலகப் படி, என்ன அழைப்பெண், கண்டது மூலமா, நுண்படமா, மின்படியா என்பவற்றைக் குறிக்காத மேற்கோள் அடுத்த ஆய்வாளருக்குப் பயன்படாது. பெயர்த்தெழுதிய கடிதப் படிகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்த்துத் துறை நூலகத்தில் வைப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. நூற்பட்டியல் தந்து, அவற்றுள் ஒன்றையேனும் எங்குக் கண்டார் எனக் கூறாத ஆய்வேட்டைத் திருத்தத்திற்குத் திருப்பியனுப்பும் பொறுப்பு நெறியாளருக்கும் புறத்தேர்வாளருக்கும் உரியது.