அடக்கத்தோடு கடமை முடிந்துவிடுவதில்லை



மஹல்லாவில் ஒருவர் மரணமடைந்தால், அழைக்காமலேயே ஊர் திரண்டுவிடுகிறது. சில மணி நேரத்திற்குள் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுகை நடத்தி, மையவாடியில் நல்லடக்கம் செய்துவிடுகிறோம். இது நம் சமுதாயத்தின் சிறப்பு. ஆனால் மரணத்தை அரசுப் பதிவேட்டில் ஏற்றுவதில் அந்த விரைவு நம்மிடம் இல்லை.

மருத்துவமனையில் நிகழும் மரணத்தை அதன் நிர்வாகமே பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் நிகழும் மரணத்தைத் தெரிவிப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு. அவர் இல்லையெனில் உடனிருந்த நெருங்கிய உறவினரின் பொறுப்பு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம் உண்டு. அதன்பின் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் நடுவரின் ஆணையின்றிப் பதிய இயலாது.

கணவனை இழந்த, கருவுற்றிராத பெண்ணின் இத்தா காலம் நான்கு மாதம் பத்து நாட்கள். அது முடிந்து அவள் வெளியே வரும்போது, கட்டணமின்றிப் பதியும் கெடு கடந்து நூறு நாட்களுக்கு மேலாகியிருக்கும். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வங்கி வைப்புத்தொகை, விதவை உதவித்தொகை ஆகிய அனைத்திற்கும் முதலில் கேட்கப்படுவது இறப்புச் சான்றிதழே. ஆகவே இத்தாவில் இருப்பவளின் தலையில் இச்சுமையை விடுவது நியாயமன்று. இது உறவினரும் ஜமாஅத்தும் ஏற்க வேண்டிய பொறுப்பு.

"ஜமாஅத் பதிவேட்டில் எழுதியிருக்கிறோமே" என்பர் சிலர். அது நமக்குச் சான்று. வங்கிக்கும் வட்டாட்சியருக்கும் அது போதாது. கடனை எழுதிவைக்கப் பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனில் மிக நீண்டது. எழுத்தின் அருமையை நமக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் அடக்கப் பதிவேட்டில், 'பதிவாளருக்குத் தெரிவித்த நாள்' என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ நகராட்சி அலுவலகத்திற்கோ சென்றுவர ஓர் இளைஞரைப் பொறுப்பாக்கட்டும். ஆதார் அட்டையில் 'அப்துல் காதர்' என்றிருப்பவர் சான்றிதழில் 'அப்துல் காதிர்' ஆகிவிடாமல் அவரே சரிபார்க்கட்டும். ஓர் எழுத்துப் பிழை, ஆதரவற்ற குடும்பத்தைப் பல மாதங்கள் அலைக்கழிக்கும்.

கப்ரில் மூன்று பிடி மண் இட்ட கைகள், அக்குடும்பத்திற்காக ஒரு விண்ணப்பத்தையும் நிரப்பித் தரட்டும். வல்ல இறைவன் அருள்புரிவானாக.