சைலன்சர் வெடித்தால் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

வேறு ஊரில் பழைய பெட்ரோல் லாரி ஒன்று சைலன்சர் வழியாக ‘டமார்’ என்று சத்தம் போட்டால் தெருப்பிள்ளைகள் கைதட்டுவார்கள். திருத்தங்கலில் அது முடியாது. சாலையின் இந்தப் பக்கம் பட்டாசுக் கடை, அந்தப் பக்கம் காகிதக் கிட்டங்கி, கொஞ்சம் தள்ளித் தீப்பெட்டி ஆபீஸ். அந்தச் சத்தத்தோடு சில நேரம் நெருப்பும் வெளியே வரும். எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய்ப் பற்றிக்கொள்வதுதான் காரணம். வெடிபொருள் ஏற்றும் வண்டிகளுக்குத் தீப்பொறி தடுப்பான் வேண்டும் என்ற விதி சும்மா வந்ததல்ல. ஆனால் தடுப்பான் பொறியைத்தான் பிடிக்கும், நோயைத் தீர்க்காது.

1940-களின் இறுதியிலிருந்து பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், பார்கோ லாரிகளைத் தயாரித்தது. 1954-ல் டாடா - மெர்சிடிஸ் டீசல் லாரி வந்த பிறகு பெட்ரோல் லாரிகளின் காலம் தேய்ந்தது. டாட்ஜ் வைத்திருந்த பலர் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு பெர்கின்ஸ் டீசலை ஏற்றினார்கள். தப்பிப் பிழைத்த பெட்ரோல் வண்டிகள் இன்று சினிமா ஷூட்டிங்குக்கும் பழைய வண்டிக் கண்காட்சிக்கும் போகின்றன. கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு கண்டுபிடிக்கப் பழகிய இளம் மெக்கானிக்குக்கு இவை புதிர். பழைய மெக்கானிக்குக்கோ ஆறு பிளக்கும் ஆறு சாட்சிகள்.

வண்டி மிஸ்ஸிங் அடித்தால் பலரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். திருகுவதற்கு வாகாக இரண்டு ஸ்க்ரூ வெளியே தெரிவதால் வரும் ஆசை அது. கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதியாவது கடைசியில் பாயிண்ட் கோளாறாகவோ கண்டென்சர் கோளாறாகவோ முடியும். முதலில் கரண்ட், அப்புறம் பெட்ரோல். இந்த வரிசையை மாற்றக்கூடாது.

பிளக்கைப் படிப்பதற்கும் முறை உண்டு. ஷெட்டிலேயே ஸ்லோவில் ஓடவிட்டுக் கழற்றினால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். விருதுநகர் ரோட்டில் ஏழெட்டுக் கிலோமீட்டர் பாரத்தோடு ஓட்டி, சாலை ஓரமாக கிளட்சை மிதித்துச் சாவியை அணைத்து, அப்படியே உருட்டி நிறுத்த வேண்டும். கொஞ்சம் ஆறவிட்டு, ஆறையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் ஒரு பழைய செய்தித்தாளில் அடுக்க வேண்டும். வரிசை மாறினால் சாட்சி போச்சு.

பிஸ்கட் நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி, விரலில் மசிபோல ஒட்டினால் பெட்ரோல் அதிகம். சோக் சரியாகத் திறக்கவில்லையா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, மிதவை உயரமாக நிற்கிறதா என்று பார்க்கலாம். பளபளவென்ற ஈரக் கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. அது பிஸ்டன் ரிங் செலவு, டியூனிங்கில் தீராது. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் வெந்துகொண்டிருக்கிறது.

நிறத்தைவிட முக்கியம், எத்தனை பிளக்கில் அந்த நிறம் என்பது. ஆறும் ஒரேமாதிரி கெட்டிருந்தால் ஆறுக்கும் பொதுவான கார்புரேட்டர் பக்கம் போகலாம். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். அந்தப் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் ஒயர், வால்வு, கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு மட்டும் பாழ் என்றால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

டாட்ஜின் ஆறு சிலிண்டர் என்ஜினுக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம். பீலர் கேஜ் இல்லாமல் கண் அளவில் வைப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெருமையால் வண்டி ஓடாது. காலையில் சமத்தாக ஓடி, சூடேறியதும் தடுமாறினால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். பாயிண்ட் குழிவிழுந்து கருகியிருந்தால் சந்தேகம் உறுதி. தீப்பொறி நீலமாகச் சொடுக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்தால் போதாது. இந்தப் பொறிச் சோதனையை மட்டும் பட்டாசுச் சரக்கு இருக்கும் வளாகத்தில் செய்யவே கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வெளியே போய்விட வேண்டும்.

கரண்ட் சரியான பிறகுதான் கார்புரேட்டர். மேனிஃபோல்டு இணைப்பில் காற்று இழுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். என்ஜின் சூடேறும் முன் அங்கே லேசாகத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை இருந்தால் சத்தம் மாறும். பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. எந்த ஊரிலும் அது வேண்டாத வேலை, இந்த ஊரில் கேட்கவே வேண்டாம். பிறகு ஸ்லோ ஸ்பீடு மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, என்ஜின் நன்றாகச் சூடானதும் கால் கால் சுற்றாகத் திருகி, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்தலாம்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டில் கலவை மெலிந்துவிடுகிறது. பத்து வருஷம் பிஸ்கட் நிறம் காட்டிய பிளக் திடீரென்று வெளுப்பதற்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் தும்முவதற்கும் இதுவும் காரணமாகலாம். ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டால் சரியாகும். பழைய ரப்பர் ஹோஸையும் கையோடு மாற்றுவது நல்லது, எத்தனாலில் அது ஊறி வெடிக்கும்.

இத்தனையும் சரி, பிளக் கறுக்கவும் இல்லை, வெளுக்கவும் இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் மத்தியானம் நடுரோட்டில் நின்று, அரை மணி கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறதா? பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது. ஏ.சி. பம்ப் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி ஊர் சேருங்கள். வந்ததும் சைலன்சர் குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு அடித்துவிடுங்கள்.