அடுக்களை அலமாரிக்குப் புதுப் பூச்சு

மார்கழி பிறந்துவிட்டால் மும்பையில் தமிழர் குடியிருக்கும் பகுதிகளில் பெயிண்ட் வாடை வீசத் தொடங்கும். மாட்டுங்காவானாலும் தாராவியானாலும், செம்பூரானாலும் டோம்பிவிலியானாலும், பொங்கலுக்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்பது இல்லத்தரசிகளின் கட்டளை. மழை மாதங்களில் மரம் ஈரம் குடித்திருக்கும். பூசினாலும் சரியாகக் காயாது. காற்று உலர்ந்த குளிர் மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை.

சுவருக்கு வெள்ளை அடித்து முடித்ததும் கண்ணை உறுத்துவது அடுக்களையில் நிற்கும் பழைய மர அலமாரிதான். எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறி, பச்சையா கறுப்பா என்று தெரியாத நிறத்தில் அது நிற்கும். தாளிக்கும் இடத்திற்கு நேர் மேலே இருக்கும் கதவில் விரல் வைத்தால் ஒட்டும். "இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவோம்" என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது. தவணை முறையில் தருவதற்குக் கடைக்காரர்களும் தயாராக இருக்கிறார்கள்.

இது சிந்திக்க வேண்டிய விஷயம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் அந்தத் தவணை ஒரு சுமை. அதைவிட முக்கியம், வாங்கும் பொருளின் தரம். இன்று மலிவாக விற்கும் அலமாரிகளில் பல, மரத்தூளையும் சிராய்களையும் பசையில் குழைத்து அழுத்திய பலகையால் ஆனவை. மேலே பளபளப்பான தாள் ஒட்டியிருக்கும். அதன் விளிம்பில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் பலகை உப்பிவிடும். கீல் திருகு ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது. மும்பை மழைக்கும், ஓதம் ஏறும் கீழ்த்தளத்து வீட்டுக்கும் அது ஏற்றதல்ல.

பழைய அலமாரியோ பெரும்பாலும் தேக்கு, அல்லது வேறு கெட்டி மரம். கறையான் அரிக்காமல், மூட்டு ஆடாமல் இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை உழைக்கும். அதற்குத் தேவை புதிய பூச்சு மட்டுமே. ஆகவே பழையதை வைத்துக்கொண்டு பெயிண்ட் அடிப்பது கஞ்சத்தனமல்ல, புத்திசாலித்தனம். ஆனால் எப்படி அடிக்கிறோம் என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பகை

வழக்கமாக நடப்பது என்ன? பெயிண்டர் வருகிறார். உப்புத்தாளை எடுத்து, பழைய பூச்சை உலர்ந்தபடியே தேய்க்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வண்ணத் தூள் மேகம்போல் எழும்புகிறது. அதே அறையில் சோறு வடிகிறது. தரையில் குழந்தை தவழ்கிறது. மாலையில் இல்லத்தரசி துடைப்பத்தால் பெருக்குகிறார். தூள் மறுபடியும் எழும்பிப் பாத்திரத்திலும் படுக்கையிலும் படிகிறது.

பழைய எனாமல் பெயிண்டுகள் பலவற்றில் காரீயம் கலந்திருக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு. காரீயம் நஞ்சு. மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச்சென்ற நிறங்களுக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும் அதன் உப்புகளைப் பெயிண்டில் சேர்த்தார்கள்.

குழந்தைகளின் உடல், பெரியவர்களைவிட நான்கு ஐந்து மடங்கு அதிகமாகக் காரீயத்தை ஈர்த்துக்கொள்கிறது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. படிப்பிலும் கவனத்திலும் பின்தங்க வைக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். கர்ப்பிணியின் உடலில் சேர்ந்த காரீயம் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் போய்ச் சேருகிறது.

"எத்தனையோ வருஷமாகச் சுரண்டித்தான் பெயிண்ட் அடிக்கிறோம், யாருக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்பவர்கள் உண்டு. காய்ச்சல்போல் மறுநாளே காட்டிக்கொடுக்கும் நோயல்ல இது. மெள்ள மெள்ளச் சேருவது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று நாம் அவனைத் திட்டிக்கொண்டிருப்போம். காரணம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டும்.

சட்டம் வந்தது, பழைய பூச்சு போகவில்லை

இந்த ஆபத்தை உலகம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1921-லேயே ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டிடங்களின் உட்புறப் பூச்சு வேலையில் காரீய வெள்ளையைப் பொதுவாகத் தடை செய்யும் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா 1978-ல் வீட்டுப் பெயிண்டுக்குத் தடை விதித்தது. நம் நாட்டில் 2016-ல்தான் மத்திய அரசு விதி வகுத்தது. 2017 நவம்பர் 1 முதல், வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. அதைப் பெயிண்ட் டப்பாவின் மேலும் அச்சிட வேண்டும்.

விதி நல்லதுதான். ஆனால் அது புதிய டப்பாவைத்தான் கட்டுப்படுத்தும். 20, 30 வருஷங்களுக்கு முன் அப்பாவோ மாமனாரோ அடித்துவைத்த பூச்சு அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதன்மேல் வருஷா வருஷம் ஏறிய அடுக்குகளும் இருக்கின்றன. அதைத் தூளாக்கிக் காற்றில் கலப்பது நம் கைதான்.

கூலியும் உயிரும்

இதில் முதல் பலி யார்? நாள்தோறும் அந்தத் தூளைச் சுவாசிக்கும் பெயிண்டர். மும்பையில் பிரஷ் பிடித்துப் பிழைக்கும் தமிழர்கள் பலர். வேலை முடிந்து அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். பிறர் வீட்டுத் தூள் அவர் வீட்டுக் குழந்தைக்கும் போகிறது.

அவர் ஏன் உலர்ந்தபடி தேய்க்கிறார்? விவரம் தெரியாததால் மட்டுமல்ல. "மொத்தமாக இவ்வளவுதான் தருவேன், நாளைக்குள் முடித்துவிடு" என்று நாம் கான்ட்ராக்ட் பேசுகிறோம். நனைத்துத் தேய்த்தால் மரம் காயக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் கூடும். அந்த ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது? பேரம் பேசிக் குறைக்கும் ஐநூறும் ஆயிரமும், உழைப்பவரின் நுரையீரலிலிருந்தும் நம் பிள்ளையின் மூளையிலிருந்தும் கழிக்கப்படுகின்றன.

ஆகவே வேலை கொடுப்பவர் நாள் கூலியாகப் பேசட்டும். ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்று ஒப்புக்கொள்ளட்டும். பெயிண்டர் நண்பர்களும் "நனைத்துத்தான் தேய்ப்பேன்" என்று கண்டிப்பாகச் சொல்லட்டும். தங்கள் தொழிலின் மரியாதையும் இதில் அடங்கியிருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

பழைய பூச்சு உரியாமல் கெட்டியாக இருந்தால் அதை எடுக்கவே வேண்டாம். அப்படியே மூடிவிடுவதுதான் பத்திரம். முதலில் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் பிசுக்கை நன்றாகக் கழுவ வேண்டும். பிசுக்கின்மேல் பூசிய பெயிண்ட் ஆறு மாதத்தில் தோலாக உரியும். பலர் பெயிண்டைக் குறை சொல்வது இதனால்தான். பிறகு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு போகும் அளவுக்கு லேசாகத் தேய்த்தால் போதும். உரியும் இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்துச் சுரண்டலாம். தீயில் வாட்டி உரிக்கவே கூடாது. அந்தப் புகையும் நஞ்சு.

கதவுகளைக் கழற்றி வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ வைத்து வேலை செய்வது நல்லது. கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, விழும் கசடை அதிலேயே சுருட்டிக் கட்டிவிட வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இரண்டு நாள் பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். மூக்கில் கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது எல்லோரும் தெரிந்துகொண்ட என்95 முகமூடி நுண்ணிய தூளைத் தடுக்கும்.

மரம் காய்ந்த பின் பட்டி பார்த்து, பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை பூச வேண்டும். ஒவ்வொரு கைக்கும் நடுவே ஓர் இரவு காயவிட வேண்டும். 4 அடி உயரம், 3 அடி அகலமுள்ள அலமாரியின் வெளிப்புறத்துக்கு அரை லிட்டர் எனாமல் ஏறக்குறையப் போதும். டப்பாவில் காரீய அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பெயர் தெரியாத டப்பாவும், தெருவில் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் பெயிண்டும் வேண்டாம்.

போகியில் வேண்டாம்

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உளுத்துப்போன அலமாரியை உடைத்துப் போகித் தீயில் போடுவதும், குளிக்கும் வெந்நீருக்கு விறகாக எரிப்பதும் சில இடங்களில் வழக்கம். பெயிண்ட் அடித்த மரம் எரிந்தால் காரீயம் புகையிலும் சாம்பலிலும் இறங்குகிறது. அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் துலக்கினால் நஞ்சை நாமே தட்டில் வைத்துக்கொண்டதாகும். நல்ல பலகையை ஆசாரியிடம் கொடுத்து வேறு பொருள் செய்யலாம். மற்றதை நகராட்சிக் குப்பை வண்டியில் சேர்க்கலாம். அடுப்பில் மட்டும் வைக்கக்கூடாது.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. அவற்றோடு, அனுபவமுள்ள பெயிண்டர் ஒருவரை மேடையேற்றி, நனைத்துத் தேய்க்கும் முறையை அரைமணி நேரம் செய்து காட்டச் சொன்னால் என்ன? செலவு ஒரு வாளித் தண்ணீரும் நாலு வாட்டர் பேப்பரும்தான். அலமாரி அழகாவதைவிட, அதைத் திறக்கும் பிஞ்சுக் கைகள் நலமாக இருப்பது முக்கியம். அதற்கு ஒரு நாள் தாமதமும் ஒரு நாள் கூலியும் பெரிய விலையல்ல.