புளியும் புரட்டும்!

குடம்புளியை அறியாதவர் குமரி மாவட்டத்தில் இலர், கேரளத்திலும் இலர். இலங்கையிலே அதனைக் கொறக்காய் என்பர். சின்னஞ்சிறு பூசணி போன்ற பழம். அதன் தோலை உலர்த்திக் கறுக்கவைத்து, மீன் குழம்பில் இரண்டு சுளை போடுவார்கள். குழம்புக்குச் சுவை, மீன் கெடாமலிருக்கக் காப்பு. தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது இது. இதிலே எவருக்கும் வழக்கில்லை.

வழக்கு எங்கே தோன்றுகிறது? அதே புளியின் சாற்றை வடித்துக் குப்பியில் அடைத்து, ‘கார்சினியா கம்போஜியா’ என்று பெயர் சூட்டி, பட்டினியும் வேண்டாம், உழைப்பும் வேண்டாம், மாத்திரையை விழுங்கினால் போதும், உடலின் கொழுப்பெல்லாம் கரைந்தோடும் என்று விற்கிறார்களே, அங்கேதான் தோன்றுகிறது!

இந்த வாணிபத்துக்கு வித்தாக அமைந்தது ஓர் உண்மையான ஆராய்ச்சி. 1965ஆம் ஆண்டில், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் லூயிஸ், நீலகண்டன் இருவரும், இப்பழத்தின் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று கண்டு வெளியிட்டனர். உண்ட மாவுச்சத்தைக் கொழுப்பாக்குகிற வேலையில் உடலுக்குத் துணைபுரியும் நொதி ஒன்றை அந்த அமிலம் தடுக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1969இல் காட்டினர். எலிகளிடம் கொழுப்பு உற்பத்தி குறையவும் செய்தது. அறிவியலார் தம் கடமையைச் செவ்வனே செய்தனர். ஆனால் எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமா என்று பார்க்குமுன்னரே வணிகர்கள் கடை விரித்துவிட்டனர்!

மனிதரிடம் பார்த்தபோது என்ன ஆயிற்று? நியூயார்க்கில் 135 பேரைக்கொண்டு 12 வாரம் நடத்திய சோதனையின் முடிவு 1998இல் வெளியாயிற்று. இரு பிரிவினருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 1500 மில்லிகிராம் அமிலம். மற்றவருக்கு வெறும் போலி மாத்திரை. அமிலம் உண்டவர் சராசரி 3.2 கிலோ இளைத்தனர். போலி மாத்திரை உண்டவரோ 4.1 கிலோ இளைத்தனர்! இந்த வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்றனர் ஆய்வாளர். இருக்கட்டும். மருந்துக்கு வெற்றி இல்லை என்பதாவது தெளிவாயிற்றல்லவா? பின்னர் பல சோதனைகளை ஒன்றுசேர்த்து 2011இல் எடைபோட்டபோதும், கிடைத்த பயன் ஒரு கிலோவுக்கும் குறைவே.

பயனில்லை என்பதோடு நின்றிருந்தால், பணம் போனது, பாடம் வந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் கல்லீரலுக்கு அல்லவா கேடு வருகிறது! இச்சாற்றைத் தனியாகவோ, பச்சைத் தேயிலைச் சாறு முதலியவற்றோடு சேர்த்தோ உட்கொண்டு கல்லீரல் பழுதுற்ற 22 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் வெளியிட்டனர். அவர்களில் ஒருவர் மாண்டார். இன்னொருவருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டியதாயிற்று. குறிப்பிட்ட மரபணு வகை ஒன்றை உடையவர்களுக்கே ஆபத்து மிகுதி என்றும் கண்டனர். பிரான்சு நாட்டின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம், இச்சாறு கலந்த பொருள்களை உட்கொள்ளவே வேண்டாமென 2025 மார்ச்சில் மக்களை எச்சரித்தது.

விழுங்குவோர் எல்லோருக்கும் இக்கேடு வருவதில்லை. மிகச் சிலருக்கே வருகிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சிலர் யார்? தமக்கு அந்த மரபணு உண்டா என்று அறிந்து விழுங்குபவர் உண்டா? சோதித்துப் பார்த்து விற்கும் கடைக்காரர்தாம் உண்டா? உயிர் காக்கும் மருந்தானால், அரிதாக வரும் கேட்டைப் பொறுக்கலாம். பயன் என்று சொல்ல ஏதுமில்லாத ஒன்றுக்காகக் கல்லீரலைப் பணயம் வைப்பானேன்?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மருந்துகள், மாய வைத்தியங்கள் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டம், உடற்பருமனைப் போக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆனால் அச்சட்டம் உணவைத் தொடாது. ஆகவே மாத்திரை வடிவில் செய்து, மாத்திரைக் குப்பியில் அடைத்து, மாத்திரையின் விலைக்கு விற்றுவிட்டு, பெயரை மட்டும் ‘உணவுத் துணைப்பொருள்’ என்று வைத்துக்கொள்கிறார்கள்! அந்த வாயிலையும் அடைக்கச் சட்டம் வந்தது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, விளம்பரத்தில் முகம் காட்டும் பிரமுகரையும் தண்டிக்க வழிசெய்கிறது. சட்டம் ஏட்டிலே இருந்தால் போதுமா? குப்பி கடையிலே இருக்கிறதே!

ஆகவே நாம் கேட்பது மூன்றே. எடை குறையும் என்று கூறுவோர் மனிதரிடம் செய்த சோதனையின் சான்றைக் காட்டட்டும். காட்டும்வரை அந்தச் சொல்லை அச்சிட அனுமதியாதீர். கல்லீரல் பற்றிய எச்சரிக்கையை அவரவர் தாய்மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் குப்பியின்மேல் பொறிக்கச் செய்யுங்கள். கல்லீரல் பழுதுற்று மருத்துவமனைக்கு வருவோரிடம், இத்தகைய பொருளை உட்கொண்டாரா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கணக்கு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்றாகிவிடும்.

மக்களுக்கும் ஒரு சொல். உடல் பருத்துவிட்டதே என்று ஏங்கும் பெண்ணின் ஏக்கம் இவர்களுக்கு மூலதனம். இளைஞனின் நாணம் இவர்களுக்கு இலாபம். அதை உணருங்கள். விழுங்கிக்கொண்டிருப்போருக்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லட்டும். குப்பியையும் கையோடு கொண்டுசெல்லட்டும்.

குடம்புளி குழம்பில் கொதிக்கட்டும்; நமக்கு மகிழ்ச்சியே. குப்பியில் அடைத்து மருந்தென மயக்குவார்களானால், சான்று எங்கே என்று கேட்போம், கேட்டுக்கொண்டேயிருப்போம்!