சம்பள நாளில் உடன் நடக்க ஓர் ஆள்

மதுப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்று மடுல்சீமைக்குத் திரும்புகிறவர், பசறையைத் தாண்டிப் பஸ் மலையேறி முடிந்ததும் இறங்கி நடப்பது அதே லயத்துக்குத்தான். அதே காம்பரா, மெல்லிய சுவருக்கு அப்பால் அதே அயலவர். கசிப்பு எங்கே கிடைக்கும் என்பதைப் பெரட்டுக்களத்தில் எவரும் கேட்டறிய வேண்டியதில்லை. மதுவின்றி இருக்க உடல் பழகச் சில வாரங்கள் போதும். மனம் பழக மாதங்கள் பிடிக்கும். மீண்டும் வழுக்கி விழும் அபாயம் அதிகமாயுள்ள அந்த மாதங்களை நமது ஏற்பாடுகள் கண்டுகொள்வதே இல்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்து வரும் மனைவியே காவலும் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் இப்பணிக்கென்றே சம்பளம் பெறும் துணைவர்கள் உண்டு. சிகிச்சை முடித்தவருடன் தங்கி, விருந்துக்கும் பயணத்துக்கும் உடன் செல்வார்கள். பணக்காரரின் ஆடம்பரம் என்று இதை ஒதுக்கிவிடலாமா? 1935இல் ஓகாயோ மாநிலத்து ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்பவர், தாம் மறுபடி குடிக்காதிருக்கும் பொருட்டே டொக்டர் பொப் என்னும் இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போனார். 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' அமைப்பு அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான். குடித்து மீண்டவனின் பேச்சே குடிப்பவனின் காதில் ஏறும்.

அந்த அமைப்பில் துணை நிற்பவர்கள் ஊதியம் பெறுவதில்லை. தோட்டத்தில் அது நடவாது. அடுத்தவருக்குத் துணை போனால் அன்றைய பேர் போய்விடும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில் முகாமிட்டுக் கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுசென்றது. முகாம் முடிந்த பின்பும் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து சந்தித்தது.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தோட்டம் சம்பளம் கொடுக்கிறது. அப்படியிருக்க, குடியிலிருந்து மீண்டு சில ஆண்டுகள் உறுதியாய் நின்ற ஒருவரைப் பயிற்றுவித்து, தோட்டத்துக்கு ஒருவராகவேனும் நியமிப்பது நடக்காத காரியமன்று. பெண்களுக்குப் பெண்ணே துணையாதல் வேண்டும். (பெண்களிடையே குடி இல்லை என்று பேசுபவர்கள் லயத்துப் பக்கம் வந்ததில்லை போலும்.) கைநடுக்கம், வலிப்பு கண்டால் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், தாமே மருந்து கொடுக்கலாகாது.

சம்பளத்தை மட்டும் தோட்ட நிர்வாகம் கொடுக்கலாகாது என்பேன். துரையின் கையால் கூலி வாங்குபவரிடம் எந்தத் தொழிலாளி, நேற்றிரவு குடித்தேன் என்று வாய் திறப்பார்? மாகாணச் சுகாதாரத் திணைக்களமே அதை ஏற்க வேண்டும். முதலாவது சம்பள நாளன்று மாலை, கடைத்தெருவிலிருந்து காம்பராக் கதவு வரை அந்தத் துணைவர் கூடவே நடந்து வர வேண்டும்.