ஒரு போல்ட் கழட்ட இவ்வளவு கூலியா?

கார் ஸ்பிரிங் மாற்றிய பில்லைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்பவர் அந்த போல்ட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

பல கார்களில் ஸ்பிரிங்கை எடுக்க, ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைக் கழட்ட வேண்டும். அங்கே ஒரு ரப்பர் புஷ், அதன் நடுவே இரும்புக் குழல், அதற்குள்தான் போல்ட். சில வருடம் மழைத்தண்ணீரும் கடற்காற்றும் பட்டால் இரண்டும் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் (அதான் மேட்டரே!). குழலும் போல்ட்டும் ஒன்றாகிவிடும். ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். பைப்பை மாட்டி அழுத்தினால் போல்ட் தலை 'டப்'பென்று கையோடு வந்துவிடும்.

துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாய் அசைக்க வேண்டும். கேஸ் வைத்துச் சூடாக்கலாம், ஆனால் ரப்பர் கருகும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ். கடைசியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இத்தனை நேரமும் பில்லில் தெரியாது. காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களே போல்ட் விலையை மட்டும் பார்த்துப் பேரம் பேசுகிறார்கள். கூலியைக் குறைத்தால் மெக்கானிக் மிச்சம் பிடிப்பது அந்த நேரத்தைத்தான். சுத்தியலால் அடித்துக் கழட்டி, மரை கெட்ட போல்ட்டையே திரும்ப மாட்டி அனுப்புவார். வெளியே தெரியவும் தெரியாது.

வேலை ஆரம்பிக்கும்போதே, "இறுகியிருந்தா எவ்வளவு ஆகும்ணே?" என்று கேட்டுவிடலாம். பழைய போல்ட்டையும் கையில் வாங்கிப் பார்க்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் பில்லில் ஏற்றினால் மட்டும் தாராளமாய்ச் சண்டை போடலாம்.