உடையவர் கட்டட்டும், ஊரும் கைகொடுக்கட்டும்

எமது கிராமங்களில் இருவர் சந்தித்தால் மழை பெய்ததா, நெல் என்ன விலை என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. 2009இல் போர் முடிந்தபின் வந்த ஆண்டுகளில், "உங்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்ததா?" என்பதே முதற் கேள்வியாயிற்று. கிடைத்தவர் கொடுத்துவைத்தவர், கிடைக்காதவர் பாவம் என்று எண்ணுவதும் வழமையாயிற்று. ஆனால் வீட்டுத்திட்டம் கிடைத்ததனாலேயே கடனாளியான குடும்பங்களையும் நாம் அறிவோம். கூரை ஏறாத சுவர்களுக்குள் தறப்பாள் கட்டிக் குடியிருப்போரையும் அறிவோம். பணத்தைக் கொடுத்தால் வீடு தானே எழும்பிவிடும் என்ற கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. கட்டுவதற்குக் கைகள் வேண்டும் என்பதை அந்தக் கணக்கு மறந்துவிட்டது.

இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீடுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ஏறத்தாழ 46,000 வீடுகள் வடக்குக்கும் கிழக்குக்கும் ஒதுக்கப்பட்டன. முதலில் 1,000 வீடுகள் ஒப்பந்தகாரர் மூலம் கட்டப்பட்டன. 2012ஆம் ஆண்டு ஒக்டோபரிலிருந்து வழி மாறியது. புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, அதுவும் அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத் தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே வந்தது. குறைந்தது 550 சதுர அடி வீட்டை உடையவரே நின்று கட்டுவிக்க வேண்டும். இந்த மாற்றத்தை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். அடுப்படி எந்தப் பக்கம், வாசல் எந்தத் திசை, கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் குடியிருக்கப் போகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒப்பந்தகாரர் கட்டிய வீட்டில் ஒழுக்கு வந்தால் அவரைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. தன் கண்முன் எழும்பிய சுவரில் எத்தனை பை சீமெந்து போனது என்று வீட்டுக்காரிக்குத் தெரியும்.

ஆயினும் 'உடையவர் கட்டுதல்' என்பது உடையவருக்கு உடலில் பலமும் பக்கத்தில் ஆட்களும் உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அத்திவாரம் வெட்டுவதும் மணல் அரிப்பதும் தண்ணீர் அள்ளுவதும் கூலியில்லாமலே நடந்துவிடும். கணவனை இழந்து சிறுபிள்ளைகளோடு திரும்பி வந்த தாய் என்ன செய்வார்? பேரப்பிள்ளைகளை வளர்க்கும் கிழவனும் கிழவியும் என்ன செய்வார்கள்? ஒரு காலை இழந்தவர் ஏணியில் ஏறுவாரா? அவர்கள் மண்வெட்டி பிடிப்பதற்கும் கூலி கொடுத்தார்கள். இறக்கிய சீமெந்தைக் காவல் காத்த நாளில் அவர்களுடைய கூலிவேலையும் போயிற்று. ஊர் முழுவதும் ஒரே காலத்தில் வீடு கட்டியதால் மேசனின் கூலி ஏறியது, மணல் விலையும் ஏறியது, ஐந்தரை இலட்சம் மட்டும் ஏறவில்லை. துண்டு விழுந்த தொகைக்குத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று. அல்லது வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்து வட்டி வசூலிக்கும் கடன் உள்ளே வந்தது.

பின்னர் வந்த அரச வீட்டுத்திட்டங்களின் கதை இன்னும் துயரமானது. 2019ஆம் ஆண்டு இறுதியில் ஆட்சி மாறியபோது தவணைப் பணம் நின்றது. இருந்த கொட்டிலையும் பிரித்து அத்திவாரம் போட்ட குடும்பங்கள் நடுவழியில் விடப்பட்டன. அதன்மேல் பொருளாதார நெருக்கடி. 2021இல் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022இல் மூவாயிரம் ரூபாவரை ஏறியது. சுவரோடு நின்ற வீடுகளில் எருக்கலை முளைத்ததைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் தொண்டர்களின் உழைப்பைப் பற்றிப் பேச வேண்டும். சிரமதானம் என்றால் வீதியோரம் புல் வெட்டுவது, கோயில் வளவு துப்புரவாக்குவது என்றே நாம் பழகிவிட்டோம். வீடு கட்டுவது மேசனின் காரியம், அதில் ஊராருக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. உலகில் வேறிடங்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்கு அருகே 1942இல் கிளரன்ஸ் ஜோர்டனும் நண்பர்களும் கொய்னோனியா என்ற பண்ணையைத் தொடங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்ட பண்ணை அது. அதற்காகவே சுற்றியிருந்தவர்களின் பகையையும் பகிஷ்கரிப்பையும் அது தாங்க வேண்டியிருந்தது. 1968இல் அங்கே வந்துசேர்ந்த மில்லார்ட் புல்லர், லின்டா புல்லர் தம்பதியரோடு சேர்ந்து ஒரு வீட்டு முயற்சி உருவாயிற்று. அரை ஏக்கர் வீதம் 42 காணித் துண்டுகள் பிரிக்கப்பட்டன. அரை ஏக்கர் என்றால் எமது கணக்கில் எட்டுப் பரப்பு. வீட்டோடு தோட்டமும் செய்யலாம். அப்பகுதியின் ஏழைக் குடும்பங்களுக்குத் தொண்டர்கள் வீடு கட்டினார்கள், குடும்பமும் கூட நின்று உழைத்தது. வீட்டின் அடக்கவிலையை இலாபமின்றி, வட்டியின்றிக் குடும்பம் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பணம் ஒரு பொது நிதிக்குப் போய் அடுத்த குடும்பத்தின் வீடாயிற்று. இந்த முறையிலிருந்துதான் 1976இல் 'ஹபிட்டாட் போர் ஹியுமானிட்டி' பிறந்தது. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் சுத்தியலோடு இவ்வேலைக்குப் போனதால் அதன் பெயர் உலகெங்கும் பரவியது. எமக்கு ஜனாதிபதியின் சுத்தியலைவிட அந்தப் பொது நிதியே பெரிதாகத் தெரிகிறது.

எமது நாட்டிலும் 1958இல் ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்று உழைக்க வைத்ததிலிருந்தே சர்வோதயச் சிரமதானம் தொடங்கியது. அதற்கும் முன்னமே எமது கமக்காரர் அரிவு வெட்டிலும் சூடடிப்பிலும் இன்று உன் வயல், நாளை என் வயல் என்று மாறி மாறி உழைத்தவர்கள். கிடுகு வேய்ந்த காலத்தில் வீடு மேய்வதற்கு எவரும் கூலி பேசியதில்லை. அயலட்டை கூடும், அன்று மத்தியானம் ஒரு சோறு, அவ்வளவுதான். ஓடும் சீமெந்தும் வந்தபோது அந்த வழக்கம் போய்விட்டது.

தொண்டர்கள் எதையெல்லாம் செய்யலாம்? அத்திவாரக் கிடங்கு வெட்டலாம். கருங்கல் சுமக்கலாம், மணல் அரிக்கலாம். மேசனுக்கு உதவியாளாகச் சாந்து குழைத்துக் கொடுக்கலாம். சுவர் எழும்பியபின் உள்ளே மண் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்கலாம். இதை அரைகுறையாகச் செய்தால் அடுத்த மாரியில் நிலம் வெடிக்கும். அரிந்த சீமெந்துக் கல்லை நிழலில் அடுக்கி ஒரு வாரமாவது காலையும் மாலையும் நனைக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் கல் உதிர்வதற்கு, நனைக்க ஆளில்லாமற் போனதே காரணம். பாடசாலைப் பிள்ளைகள்கூடச் செய்யக்கூடிய வேலை இது. கல் வைப்பது, நிலை நிறுத்துவது, வளையும் கைமரமும் ஏற்றுவது ஆகியவற்றைக் கைதேர்ந்த மேசனுக்கும் தச்சருக்குமே விடவேண்டும், அவர்களுக்குரிய கூலியையும் குறைக்காமல் கொடுக்கவேண்டும். நல்லெண்ணம் உள்ளவன் கட்டிய சுவரும் தூக்குக்குண்டு பிடிக்காவிட்டால் சரிந்துதான் நிற்கும்.

கிரவல் மண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து கையியந்திரத்தில் அழுத்தி எடுக்கும் மண்கல் தொண்டர் வேலைக்கு மிகப் பொருத்தமானது. ஒருவர் மண் அரிக்க, ஒருவர் கலக்க, இருவர் அழுத்த, இருவர் அடுக்க என்று ஓர் அணியாக வேலை நடக்கும். சூளை வேண்டாம், விறகும் வேண்டாம். 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் நடந்த வீட்டுத்திட்டத்தில் இந்தக் கல் பயன்பட்டது. மண்கல் என்றால் ஏழைக் கல் என்று முகம் சுளிப்போர் ஒருமுறை சித்திரை வெயிலில் அந்த வீட்டுக்குள் போய் இருந்து பார்க்கட்டும்.

அதே 2016இல் அரசாங்கம் 65,000 இரும்பு வீடுகளை, ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா வீதம், ஒரு பன்னாட்டுக் கம்பனியிடம் வாங்க முற்பட்டது. பலத்த எதிர்ப்பினால் அது நிறைவேறவில்லை. விலையையும் வெக்கையையும் பற்றியே பலர் பேசினார்கள். எமது மேசனுக்கோ தச்சருக்கோ அயலவருக்கோ அந்த வீட்டில் ஒரு நாள் வேலையும் இருந்திராது என்பதும் அதேயளவு பாரதூரமான விடயம்.

தொண்டர் வேலையில் நாம் கண்டிக்க வேண்டியவையும் உண்டு. வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து, பதாகை கட்டி, இருபது கல்லை அடுக்கி, படம் எடுத்துப் போகிறவர்களால் வீட்டுக்காரிக்கு மிஞ்சுவது நாற்பது பேருக்குச் சமைத்த செலவுதான். வருவோரின் சாப்பாட்டை அழைக்கும் சங்கமே பொறுக்க வேண்டும். பெயரைச் சொல்லி, படத்தைப் போட்டு, 'பயனாளி' என்று பலகை நட்டு ஒரு குடும்பத்தின் வறுமையை ஊருக்குக் காட்டவும் கூடாது. இன்னொன்று, உடல் பலமும் ஆள் பலமும் உள்ள வீட்டுக்கு இலவச உழைப்புத் தேவையில்லை. அங்கே தொண்டர் போனால் அன்றாடங்காய்ச்சிக் கூலியாளின் பிழைப்பில்தான் கைவைப்போம்.

வட்டியில்லாப் பொது நிதியைப் பற்றிச் சொன்னோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கு இது புதிதல்ல. சீட்டும் சிறுசேமிப்பும் நடத்திப் பழகியவர்கள். கூரை ஓட்டுக்கு மட்டும் கடன் கொடுத்து, அறுவடைக்கு அறுவடை திருப்பி வாங்கினாலே ஒரு கிராமத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று கூரைகளாவது ஏறும். மாதத் தவணை கமக்காரனுக்கு ஒத்துவராது. நெல் விற்றால்தான் அவன் கையில் காசு.

காலமும் முக்கியம். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிந்தால், சிறுபோகம் இல்லாத ஊர்களில் ஆவணிவரை கைகள் ஓய்ந்திருக்கும். தண்ணீர் வற்றுமுன் கல் அரிந்து முடித்து, புரட்டாதி விதைப்புக்கு முன் கூரை ஏற்றிவிட வேண்டும். ஆகவே சங்கக் கூட்டம் தைப் பொங்கலோடு கூடவேண்டும். சுவரோடு நிற்கும் வீடுகள் எவை, அவற்றுள் உழைக்க ஆளில்லாத குடும்பங்கள் எவை, அவர்களின் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ யார் பெயரில் உள்ளது என்று எழுதிக்கொள்ளுங்கள். இறந்துபோன அல்லது காணாமற்போன கணவரின் பெயரிலேயே பத்திரம் கிடந்தால், முதற் கல் வைக்குமுன் சங்கத்தார் இருவர் அந்தத் தாயோடு பிரதேச செயலகத்துக்குப் போய்வர வேண்டும். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் பிறர் வளவில் இருக்கும் குடும்பங்களின் பெயர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இப்போதைக்குக் கல்வீடு கட்ட முடியாது. கழற்றிக் கொண்டுபோகக்கூடிய தகரக் கூரையும் மரச்சட்டமும் ஒரு நாளில் பூட்டிக் கொடுக்கலாம். காணி விடுபடும் நாளில் அதே ஆட்கள் போய்க் கழற்றி ஏற்றிவிடலாம்.